இந்த வயசுல வெளையாட்டா?

நம்பிக்கை: “புள்ளகுட்டி பெத்தவனப் போயி மணல்ல பொம்மை வெச்சு வெளையாடச் சொல்றாங்களாமுங்க. இதெல்லாம் ஒரு வைத்தியமா?”

ஆடி மாதத்தில் சேலம் குகையிலும் செவ்வாய்பேட்டையிலும் வண்டி வேடிக்கை பார்த்தவர்கள் இப்படிக் கேட்கத் தேவையில்லை. வருஷம் முழுக்கக் கடை, பட்டறை என்று இருப்பவர்கள் அன்றைக்கு முகத்தில் சாயம் பூசி, சிவனாகவும் அம்மனாகவும் அலங்கார வண்டியில் நிற்கிறார்கள். நம் தெருக்கூத்தில் விடிய விடிய ஆண்களே திரௌபதியாகி அழுகிறார்கள். கோயில் கல்தளங்களில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கட்டம் செதுக்கியவர்கள் சிறுபிள்ளைகள் இல்லை. சாமிக்காக ஆட இங்கே யாருக்கும் வெட்கமில்லை, ஊருக்காக ஆடவும் வெட்கமில்லை. தன் துக்கத்துக்காக ஆடு என்றால்தான் கூசுகிறது.

மணலில் பொம்மை வைக்கும் மணல்தட்டு முறை, ஓவியம், நாடகம் போன்ற கலைவழிச் சிகிச்சைகளில் ஒன்று. அதைக் குழந்தைகளுக்காகத்தான் தொடங்கினார்கள். 1920களின் இறுதியில் லண்டனில் மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் தம்மிடம் வந்த குழந்தைகளுக்கு மணலும் சிறு பொம்மைகளும் கொடுத்தார். அவரிடம் கற்ற டோரா கால்ஃப் சுவிட்சர்லாந்தில் அதைப் பெரியவர்களுக்கான சிகிச்சையாகவும் வளர்த்தெடுத்தார். தட்டு ஏறக்குறைய 72 சென்டிமீட்டர் நீளம், 57 அகலம். தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுதும் கண்ணுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அந்த அளவு. உள்பக்கம் நீல வண்ணம். மணலை விரலால் ஒதுக்கினால் ஆறோ குளமோ தெரியும். வீடு, மரம், பாம்பு, லாரி, சாமி, பிணம் என எது வேண்டுமானாலும் எடுத்து அடுக்கலாம். “அப்பாவோட எனக்கு ஒத்துவராதுங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராத மனிதர், அப்பாவுக்கென்று எடுத்த பொம்மையைத் தட்டின் எந்த மூலையில் வைக்கிறார், தனக்கென்று எதை எடுக்கிறார் என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது.

குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1971இல் வெளிவந்த நூலில் இன்னும் ஒரு படி போனார். உளச்சிகிச்சை என்பதே இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவது; வந்தவருக்கு விளையாட வரவில்லை என்றால், வரவைப்பதுதான் சிகிச்சையாளரின் முதல் வேலை என்பது அவர் கருத்து. இதைப் படிக்கும்போது எனக்கு நம் மண்ணின் பிள்ளைகள் நினைவுதான் வருகிறது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் விடியற்காலையிலிருந்து இரவுவரை மதிப்பெண்ணுக்காகவே வைக்கப்பட்டவர்கள் அவர்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே பெயர் வைத்தது. பொதுத்தேர்வு முதலிடப் பட்டியலை அரசு 2017இல் நிறுத்தியது. ஆனால் அதற்கு முன்பே விளையாட்டு நேரத்தைப் பறிகொடுத்து வளர்ந்த தலைமுறைக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. ‘இந்த வயசுல வெளையாட்டா’ என்ற கேள்வியை அவர்களிடம் பத்து வயதிலேயே கேட்டுவிட்டோம்.

நம்பிக்கை: “படம் வரையச் சொன்னா, எனக்குக் கோலத்தத் தவிர ஒண்ணும் போட வராதுங்க.”

கோலம் வருகிறதே, அதுவே அதிகம். அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 39 பேர் களிமண், வண்ணப்பேனா, காகிதத் துண்டுகளை வைத்து 45 நிமிடம் விருப்பம்போல் ஏதாவது செய்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழு இல்லாதது; இதை வைத்து நோய் தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வராது என்று கூசுபவர் கூசாமல் உட்கார இது போதும்.

நம்பிக்கை: “படத்தப் பாத்தே மனசுல இருக்கறதப் புட்டுப்புட்டு வெச்சிருவாங்க.”

மாட்டார்கள். கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி எதுவும் இல்லை. பொருள் சொல்ல வேண்டியவர் வரைந்தவர். ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்ததும் ஜாதகம்போல் பலன் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம்பிக்கை: “நமக்குத்தான் உடுக்கையடியும் சாமியாட்டமும் இருக்குதே. அதுக்கு மேல என்ன வேணும்?”

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களைப் பாடும் அண்ணன்மார் கதை பல இரவுகள் நடக்கும். அவர்கள் மாண்டு விழும் படுகளத்தன்று பொன்னர் சங்கரோடு ஊர்க்காரர்களும் அருள் வந்து மாண்டவர்போல் விழுவார்கள். அவர்களைக் கிடத்தி, பிறகு ஒவ்வொருவராக எழுப்புவார்கள். செத்துப் பிழைக்கிற அனுபவத்தை ஒரு ஊர் சேர்ந்து நடத்துகிறது. இதில் ஆறுதல் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அங்கே கதை பொன்னருடையது. விழுந்து எழுந்தவரிடம், உனக்குள் என்ன செத்தது, எது எழுந்தது என்று மறுநாள் யாரும் தனியே உட்கார்ந்து கேட்பதில்லை. ஜேக்கப் மொரீனோ 1921இல் வியன்னாவில் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த உளநாடகத்தில் கதை உங்களுடையது. குழுவில் ஒருவர் உங்கள் மாமியாராகிறார். சற்று நேரத்தில் இடம் மாறி நீங்களே மாமியாராகி, உங்களையே பார்த்துப் பேசுகிறீர்கள். ஆட்டம் முடிந்ததும் சுற்றி இருப்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. தம் வாழ்வில் அதைப் போல நடந்ததை மட்டும் பகிரலாம். கேட்டது அறையைத் தாண்டக் கூடாது. சொந்த பந்தம் நிறைந்த ஊர்த் திருவிழாவில் இந்தக் கடைசி நிபந்தனை நடக்காது.

அரங்குக்கும் மனநல மருத்துவத்துக்கும் இடையில் பாலம் கட்டிய தமிழர்கள் உண்டு. போர் நடந்த யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1991இல் ‘அன்னை இட்ட தீ’ நாடகத்தை எழுதினார். போர் மனத்தில் விட்ட காயம்தான் அதன் பொருள். அதே மண்ணில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அந்தக் காயங்களை ‘மனவடு’ என்ற தமிழ் நூலாகவே எழுதினார். அரங்கும் மருத்துவமும் ஒன்றையொன்று விரட்டாமல் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

கோயிலும் மருத்துவமும் அப்படியே சேர்ந்து நிற்கலாம். திருச்சி போகும் வழியில் முசிறி தாண்டி இருக்கும் குணசீலம் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்துப்போய் 48 நாள் தங்குகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தங்கட்டும். மாத்திரைச் சீட்டையும் கூடவே எடுத்துப்போகட்டும்.

நம்பிக்கை: “இந்தப் படமும் ஆட்டமுமே போதும், மாத்திரைய நிறுத்திரலாம்.”

ஆபத்தான பேச்சு. பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரிடம் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குழுவாக ஓவியச் சிகிச்சை சேர்த்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. மனச்சோர்வுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசைச் சிகிச்சையும் சேர்ந்தால் குறுகிய காலத்துக்காவது நன்மை உண்டு என்று 2017இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. இரண்டிலும் கலை, வழக்கமான சிகிச்சையோடு சேர்ந்துதான் வந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

எனவே தூக்கம் போய்விட்டது, வேலைக்குப் போக முடியவில்லை, சாகலாம்போல் இருக்கிறது என்றால், வண்ணம் வாங்கும் முன் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். இரவானாலும் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதன்பின் கலைவழிச் சிகிச்சையாளரைத் தேடினால் மூன்று கேள்வி கேளுங்கள்: உளவியலோ மனநல சமூகப்பணியோ படித்திருக்கிறாரா, கலைவழிச் சிகிச்சையில் எவ்வளவு காலம் மேற்பார்வையில் பயின்றார், நடுவில் நீங்கள் உடைந்து அழுதால் என்ன செய்வார். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறுகிறவர் வார இறுதிப் பட்டறை நடத்தட்டும், சிகிச்சை வேண்டாம்.