பின்னியாயிற்று, இனி? மலைவீட்டு ஸ்வெட்டருக்கு ஒரு வழிகாட்டி

கடைசிக் கண்ணியை மூடி ஊசியை உருவியதும் ஸ்வெட்டர் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் நீலகிரியில் நிறைய. உண்மையில் அப்போது மடியில் கிடப்பது ஸ்வெட்டர் அல்ல. முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு என்று ஐந்து துண்டுகள். ஓரமெல்லாம் சுருண்டு, ஆங்காங்கே நூல் தொங்கிக்கொண்டிருக்கும். "வீட்டில் பின்னியதா?" என்ற கேள்வியைப் பாராட்டாகவும் கேட்கலாம், இளக்காரமாகவும் கேட்கலாம். எப்படிக் கேட்கிறார்கள் என்பதை இதற்குப் பிறகு செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது.

இந்த வேலைக்கான யோசனைகள் புத்தகங்களிலும் யூடியூபிலும் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் அவை சுவரெல்லாம் ஹீட்டர் ஓடும் வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னவை. 2,240 மீட்டர் உயரத்தில், ஜூலை முழுக்க மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துபோகும் ஊட்டிக்கு அவை அப்படியே பொருந்தா. எந்த முறை சிறந்தது என்று கேட்பதைவிட, எந்த நூல், எந்த மாதம், யார் போடப்போகிறார்கள் என்று கேட்பதே சரி.

நூல் எதுவென்று பாருங்கள்

நம் கடைகளில் "உல்லன்" என்று கொடுப்பதில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக். வர்த்தமான், ஓஸ்வால் எதுவானாலும் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீட்டில் கம்பளி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். சீட்டு தொலைந்துவிட்டால் ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டியான கருமணியாக நிற்கும். இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் சாண்டிநல்லாவில் 1955 முதல் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம்மூர் ரோம ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவான நீலகிரி ஆட்டை அங்கே காப்பாற்றி வருகிறார்கள். கம்பளிக்குப் பெயர்பெற்ற ஆடு உள்ளூரில் மேய, நாம் பஞ்சாபிலிருந்து வரும் செயற்கை நூலைப் பின்னுகிறோம். வருத்தம்தான். ஆனால் மடியில் இருக்கும் நூலுக்கு ஏற்றபடிதான் வேலை செய்ய முடியும்.

நனைப்பதா, தெளிப்பதா, ஆவி பிடிப்பதா

துண்டுகளை ஈரமாக்கி, அளவுக்கு விரித்து, அப்படியே காயவிட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவதைத்தான் பிளாக்கிங் என்கிறார்கள். இதில் மூன்று வழி உண்டு.

கம்பளி நூலுக்கு முழுக்க நனைப்பதற்கு ஈடு வேறில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் ஏற்றத்தாழ்வான கண்ணிகள் தாமாகவே ஒன்றுக்கொன்று இடம் கொடுத்துச் சமமாகும். புதிதாகப் பின்னக் கற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கசக்கவோ முறுக்கவோ கூடாது. சூடும் சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு சுருங்கிவிடும்; பிறகு எந்த வைத்தியமும் இல்லை. துணி சோப்புத்தூளின் காரம் கம்பளிக்கு ஆகாது. ஈஸி போன்ற திரவம் போதும், பூந்திக்கொட்டைத் தண்ணீர் இன்னும் நல்லது. ஆஸ்திரேலிய வீடுகளில் சோப்புத் துகள், மெத்திலேட்டட் ஸ்பிரிட், யூக்கலிப்டஸ் எண்ணெய் மூன்றையும் கலந்து கம்பளி துவைக்க வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்த மரம் இந்த மலைக்கு வந்து சேர்ந்தது 1843-ல். அதன் எண்ணெயை நாம் நீலகிரித் தைலம் என்று பெயரிட்டுத் தலைவலிக்குத் தடவுகிறோம். துவைக்கும் எண்ணம் மட்டும் வரவில்லை. முயல்வதானால் சில சொட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் முதலில் கரைத்துக்கொள்ளுங்கள். நேராகத் துணிமேல் விட்டால் கறை படியும்.

சிக்கல் காயவைப்பதில்தான். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நனைத்த ஸ்வெட்டர் நாள் கணக்கில் காயாது. பிறகு ஊசல் வாடை அடிக்கும். அடுப்புப் பக்கம் வைத்தால் புகை ஏறும். வெள்ளை நூல் என்றால் பழுத்துவிடும். அந்த மாதங்களில் தெளிப்பதே புத்திசாலித்தனம்: துண்டுகளை உலர்ந்த நிலையிலேயே அளவுக்கு விரித்து ஊசி குத்திவிட்டு, ஈரம் படும்வரை தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டிவிடுங்கள். நனைத்ததில் கிடைக்கும் நேர்த்தியில் முக்கால்வாசி கிடைக்கும். மிச்சத்தை ஜனவரிக்கு ஒத்திவைக்கலாம். உறைபனி விழும் அந்த மாதத்துப் பகல் வெயில் சுள்ளென்று இருக்கும். அப்போதும் நிழலில்தான் காயவைக்க வேண்டும். குத்தும் ஊசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். சாதாரணக் குண்டூசி நம் ஈரக்காற்றில் ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும்.

ஆவி பிடிப்பது அவசரக்காரர்களின் வழி. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டினால் கம்பளி அழகாகப் படியும். அக்ரிலிக்கில் இது விபரீதம். சூடு கொஞ்சம் கூடினாலும் இழை தளர்ந்து, இடுப்புப் பட்டியின் விறைப்பு நிரந்தரமாகப் போய்விடும். தொளதொளவென்று விழவேண்டிய சால்வைக்கு வேண்டுமானால் தெரிந்தே செய்யலாம். அக்ரிலிக் ஸ்வெட்டரை நனைத்து, துண்டில் சுருட்டி மிதித்து, விரித்துப் போடுவதே பாதுகாப்பு. அது தண்ணீரை அதிகம் குடிக்காது என்பதால் மழை மாதத்திலும் சீக்கிரம் காயும். இந்த ஒரு விஷயத்தில் லூதியானா நூலுக்கு நன்றி சொல்லலாம்.

சேர்ப்பது

தையல்காரரிடம் கொடுத்து ஓவர்லாக் அடிப்பது, கையால் பின் தையல் போடுவது, குரோஷா ஊசியால் கோப்பது, ஏணித் தையல். இந்த நான்கும் நம்மூரில் நடைமுறையில் இருக்கின்றன.

ஓவர்லாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை இயந்திரத்தில் பின்னியவை. உள்பக்கத்து ஓவர்லாக் ஓரமே அதைக் காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் கையால் பின்னிவிட்டு அதே ஓரத்தை ஏன் வைக்க வேண்டும்? மேலும் இழுவைக்குக் கொடுக்காமல் அந்த நூல் அறுந்தால் கூடவே கண்ணியும் அவிழும்.

பக்கவாட்டுக்கும் கையின் நீளத்துக்கும் ஏணித் தையல்தான். நல்ல பக்கம் மேலே தெரிய இரண்டு துண்டுகளையும் அருகருகே வைத்து, ஓரத்துக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே படிபோல் ஓடும் நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டே போய், சில வரிசைக்கு ஒருமுறை இழுத்துவிட்டால் தையல் மறைந்துவிடும். அவசரப்பட்டால் கோணும், அவ்வளவுதான். தோளுக்கு மட்டும் இது வேண்டாம். ஸ்வெட்டரின் எடை முழுக்கத் தோளில்தான் தொங்குகிறது. அங்கே பின் தையலோ, இரண்டு ஊசியில் இருக்கும் கண்ணிகளை மூன்றாவது ஊசியால் சேர்த்து மூடுவதோ உறுதி. குரோஷாக் கோப்பு தடித்த வரம்பாக நிற்கும். குழந்தைகள் துணியில் எளிதாகப் பிரிக்கலாம் என்பதால் அங்கே அதற்கு இடமுண்டு.

தையலே வேண்டாம் என்று வட்ட ஊசியில் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். எலிசபெத் ஸிம்மர்மன் 1971-ல் 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' எழுதிப் பலரை அந்தப் பக்கம் இழுத்தார். குழந்தைக்கும் மெல்லிய நூலுக்கும் சரி. பெரியவர்களுக்கான கனத்த கார்டிகனில் தையல்தான் வடிவத்தைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் ஒரு குளிர்காலம் முடிவதற்குள் முழங்காலை நோக்கி நீளும்.

யார் போடப்போகிறார்கள் என்பது இங்கே வந்து நிற்கிறது. கொழுந்து எடுக்கப் போகிறவருக்குக் கைப்பட்டி இறுக்கமாக, மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பனி ஈரத்தில் ஊறிக் கனக்கும். முன்பக்கம் பெரிய பொத்தான் வைத்தால் செடியில் மாட்டும். சேலைமேல் கார்டிகன் போடுகிறவருக்கு எல்லார் கண்ணும் போவது முன்பட்டிமேல். அந்தப் பட்டி இழுபடாமல் இருக்க உள்பக்கம் சேலைக்கு வைக்கும் பருத்தி ஃபால்ஸை நனைத்துச் சுருக்கி, வெட்டித் தைத்துக்கொள்ளலாம். மலிவு, எல்லா நிறத்திலும் கிடைக்கும். ஜிப் வைப்பதானால் பிளாக்கிங் முடிந்து, துணி முழுக்கக் காய்ந்த பிறகுதான்; முன்னாலேயே வைத்தால் அலை அலையாக நெளியும். பொத்தானில் சிரட்டைப் பொத்தானே என் விருப்பம். கனமில்லை, துருப்பிடிக்காது.

அலங்காரமும் காட்டுவதும்

நீலகிரி ஸ்வெட்டர் என்றாலே தோடர் பூவேலையை அதில் போட்டால் என்ன என்று யாராவது கேட்பார்கள். போடாதீர்கள் என்பதே என் பதில். பூத்துக்குளிப் போர்வையில் தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் அந்த வேலை, முரட்டுப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் செய்வது. இழுபடும் பின்னல் துணியில் அந்தக் கோடுகள் கோணிப்போகும். அதைவிட முக்கியம், 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலை அவர்களுடைய பிழைப்பு. பிடித்திருந்தால் அவர்கள் செய்ததை விலைகொடுத்து வாங்குங்கள். ஸ்வெட்டருக்குக் கண்ணிமேல் கண்ணியாக இன்னொரு நிற நூலை ஓட்டும் வேலை போதும். பின்னலோடு பின்னலாக நீளும், தப்பாகிப்போனால் பிரிக்கலாம்.

காட்டுவதில் பலரும் செய்வது ஹேங்கரில் மாட்டுவது. கைப்பின்னலுக்கு அதைப்போல் கேடு வேறில்லை. தோளில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். கண்காட்சியில் வைப்பதானால் மேசையில் சற்றுச் சாய்வாக விரித்து, ஒரு கையை மடித்து உள்பக்கத்துத் தையலும் தெரியும்படி வையுங்கள். பின்னத் தெரிந்தவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். படம் எடுக்க வெயிலைத் தேட வேண்டாம். மூடுபனிப் பகலின் நிழலில்லாத வெளிச்சத்தில் நிறம் உள்ளபடி விழும். கண்ணிகளின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் மட்டும் ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்துக்குப் போங்கள். எப்படியானாலும் ஆள் போட்டிருக்கும் படமே மேல்.

கூட்டமாகக் காட்டுவதும் ஒரு வழி. மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 2016 ஜனவரியில் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையைச் சேர்த்து விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். சாதனையில் எனக்கு அத்தனை ஆர்வமில்லை. ஆனால் தனித்தனி வீடுகளில் தனித்தனிக் கைகள் செய்த சதுரங்கள் ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் அளவும் ஓரமும் ஒத்துப்போக வேண்டும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ பத்துப் பேர் சேர்ந்து கண்காட்சி வைக்க நினைத்தால் முதலில் பேசிவைத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

கண்காட்சியா, அலமாரியா, உடம்பா என்றால் என் ஓட்டு உடம்புக்கே. மழைக்காலம் முழுக்க மடித்துப் பூட்டி வைத்த கம்பளியை அந்துருண்டை போட்டாலும் ஈரமும் பூஞ்சையும் விடாது. யாருக்காவது கொடுப்பதானால் நூலின் சீட்டு, ஒரு உபரிப் பொத்தான், சில மீட்டர் மிச்ச நூல் மூன்றையும் ஒரு சிறு பையில் போட்டு ஸ்வெட்டரோடு சேர்த்தே கொடுங்கள். முழங்கை கிழிந்தால் அதே நிறம் கடையில் திரும்பக் கிடைக்காது.