"நான் பிசினஸ் பண்றேன்"னு சொல்றவருக்கு லோன் எடுத்துக் கொடுக்கலாமா?

சுகர் டேட்டிங்கில் பழக்கமான ஒருத்தர், "மேலூர்ல கிரானைட் பிசினஸ், வருஷம் 5 கோடி டர்ன்ஓவர்"னு சொல்றார். மூணு மாசம் தாராளமா செலவும் பண்றார். அப்புறம், "ஒரு பேமென்ட் மாட்டிக்கிச்சு, உன் பேர்ல 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடு"ன்னு கேக்கிறார். என்ன செய்வீங்க?

முதல்ல ஜிஎஸ்டி நம்பர் கேளுங்க. தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டுத் தேடினா, லாகின் இல்லாமலே லீகல் நேம், பதிவு தேதி, ஆக்டிவா கேன்சலா எல்லாம் தெரியும். தனி உரிமையாளர்னா லீகல் நேம் அவர் பேராத்தான் இருக்கணும். பிரைவேட் லிமிடெட்னா எம்சிஏ தளத்தில் டைரக்டர் பேரைப் பாருங்க. 5 கோடிக்கு கிரானைட் விக்கிறவர் "எனக்கு ஜிஎஸ்டியே இல்லை"ன்னா, கதை இடிக்குது.

எல்லாம் சரியா இருந்தாலும், பதிவு இருக்குன்னுதான் அர்த்தம். காசு இருக்குன்னு இல்லை. வைர வியாபாரி மகன்னு நடிச்ச 'டிண்டர் ஸ்விண்ட்லர்' சைமன் லெவியேவும் முதல்ல ஆடம்பரமாத்தான் செலவு பண்ணார். அவரை நம்பின நார்வே பெண் பல இடங்களில் கடன் வாங்கிக் கொடுத்தார். கடன் அந்தப் பெண் தலையில்தான் விழுந்தது.

நம்ம கணக்கும் அதேதான். 3 லட்சம், 14% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ மாசம் சுமார் 10,250 ரூபாய். அவர் போனை எடுக்கலைன்னாலும் பேங்க் உங்களைத்தான் கேட்கும். அடிவாங்குறது உங்க சிபில் ஸ்கோர்தான். பான், ஆதார், பேங்க் அக்கவுண்ட்டையும் "பிசினஸுக்கு"ன்னு கொடுக்காதீங்க.

ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்துட்டீங்களா? உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. வெட்கப்பட்டு நீங்க மறைக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்குத்தான் லாபம்.