பாடம் 9: துப்புத் துலக்கும் ஆவி

கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும் அணுசக்தி நகர்ப் பிள்ளைகள், பாட்டியிடம் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டிருப்பர். முருங்கை மரத்தில் தொங்கும் வேதாளம், தன்னைச் சுமந்து செல்லும் அரசனிடம் ஒரு கதையைக் கூறிப் புதிர் போடும். விடை தெரிந்தும் கூறாவிடில் அவன் தலை சிதறும். கூறினாலோ வேதாளம் மீண்டும் மரமேறும். அச்சமும் நகைப்பும் அறிவும் கலந்த கதை அது.

அம்மூன்றும் கலந்த காணொளி விளையாட்டு ஒன்று ஜப்பானில் தோன்றியது. அதன் பெயர் 'கோஸ்ட் டிரிக்: ஃபாண்டம் டிடெக்டிவ்'. ஒசாக்கா நகரிலுள்ள கேப்காம் நிறுவனம், நிண்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 2010ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. கதையை எழுதி இயக்கியவர் ஷூ தகுமி. 2023ஆம் ஆண்டு அது புதுப்பொலிவுடன் மீண்டும் வெளிவந்தது.

கதைத்தலைவன் சிசெல். கதை தொடங்கும்போதே அவன் இறந்து கிடக்கிறான். தன் பெயர்கூட அவனுக்கு நினைவில் இல்லை. தான் யார், தன்னைக் கொன்றவர் யார் என்பதை அவன் கண்டறிய வேண்டும். பொழுது விடிந்தால் அவன் மறைந்துவிடுவான். இதனை அவனுக்கு எடுத்துரைப்பது ஒரு மேசைவிளக்கு!

அடிக்கவோ பிடிக்கவோ ஆவியால் இயலாது. அருகிலுள்ள பொருளுக்குள் புகுந்து, அதனை அசைக்கவோ இயக்கவோ மட்டுமே முடியும். தொலைபேசிக் கம்பி வழியே வேறிடம் செல்லலாம். இறந்தவர் ஒருவரைக் கண்டால், அவர் இறப்பதற்கு நான்கு நிமிடங்களுக்கு முன்னர் சென்று அம்முடிவை மாற்றலாம். எப்பொருளை, எந்நொடியில் அசைப்பது என்று சிந்திப்பதே ஆட்டம். இளம் துப்பறிவாளரான லின் மீண்டும் மீண்டும் உயிரிழப்பதும், ஒவ்வொரு முறையும் சிசெல் விரைந்து மீட்பதும் நகைப்பூட்டுவன.

'மிசைல்' என்றால் ஏவுகணை. அப்பெயரைத் தாங்கியதோ ஒரு சின்னஞ்சிறு பொமரேனியன் நாய்! தகுமி வளர்த்த நாயின் பெயரும் அதுவே. உருவிற் சிறியதாயினும், தன் வீட்டாரைக் காக்க அது அஞ்சாமல் குரைக்கும்.

சிசெலுக்கு எஞ்சியிருப்பது ஓரிரவு. பிறரைக் காக்கச் செலவிடும் நேரம் அவனது தேடலுக்குரிய நேரமாகும். எனினும் அவன் காக்கிறான். அவ்வாறு காக்கும்போது, தன்னைப் பற்றிய துப்பும் பலமுறை அவனுக்குக் கிடைக்கிறது. தனக்கென்று மட்டும் ஓடியிருந்தால் அத்துப்புகள் அவன் கைக்கு எட்டியிரா.

சொற்பொருள்
துப்பு – உண்மையை அறிய உதவும் குறிப்பு
துலக்குதல் – விளங்கச் செய்தல்
எஞ்சுதல் – மீதமாதல்

பிரித்து எழுதுக
மரமேறும், ஓரிரவு, எந்நொடி

விடை எழுதுக
1. சிசெல் பொழுது விடிவதற்குள் அறிய வேண்டியவை யாவை?
2. வேதாளத்திற்கும் சிசெலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
3. 'வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறியது' என்னும் பழமொழியை எச்சூழலில் கூறுவர்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
4. நேரம் குறைவாக இருந்தும் பிறருக்கு உதவிய ஒருவரைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.