பிள்ளைகளின் முழங்காலைப் பேணுவது எப்படி?

பந்து விளையாட்டில் பிள்ளைக்கு முழங்காலில் அடிபட்டது என்றால், எதிரே வந்தவன் உதைத்துவிட்டான் என்றுதான் நாம் உடனே எண்ணுகிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவன்று. பிள்ளை யார் மீதும் மோதுவதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கிறான். அல்லது திசை மாறித் திரும்புகிறான். அல்லது எம்பிக் குதித்துத் தரையில் ஊன்றுகிறான். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிடுகிறது.

அங்கே அறுந்தது முன் குறுக்குத் தசைநார். மருத்துவமனைகளில் ஏ.சி.எல். என்பார்கள். தசைநார் என்று பெயர் சொன்னாலும் அது தசையன்று. தொடை எலும்பையும் அதன் கீழுள்ள கால் எலும்பையும் மூட்டுக்குள்ளே பிணைத்திருக்கும் கயிறு. கீழ் எலும்பு முன்னே நழுவாமல் காப்பது அதன் வேலை. முழுதும் அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. மறுபடி ஆட விரும்பும் பிள்ளைக்கு, உடலில் வேறிடத்திலிருந்து நார் எடுத்துப் பொருத்தி அறுவை சிகிச்சை செய்வதே வழக்கமாயிருக்கிறது. அதன் பிறகும் 9 மாதத்துக்கு முன் ஆட்டத்தில் இறங்குவது ஆபத்து. பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் சீக்கிரமே வரவும் கூடும். 15 வயதில் பட்ட கடன் 40 வயதில் கடைப்படி ஏறும்போது வட்டியுடன் வசூலாகும்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிட அவர்களுக்கு இந்தச் சேதம் இரண்டு மடங்குக்கும் மேல் நேர்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் பெண்கள் ஆடும் நெட்பாலில் பந்தைப் பிடித்ததும் ஓடாமல் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அந்தத் திடீர் நிற்றலே முழங்காலுக்குச் சோதனை. அதற்காக ஆட்டத்தையே நிறுத்திவிடுவது சரியான யோசனையாக எனக்குத் தோன்றவில்லை. தடுக்க வழி இருக்கிறது.

ஃபிஃபா என்னும் உலகக் கால்பந்துச் சங்கம் 2006-ல் ஒரு பயிற்சி முறையை வகுத்தது. 'ஃபிஃபா 11+' என்பது அதன் பெயர். ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம், 15 பயிற்சிகள். மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், உட்கார்ந்து எழுதல், குதித்து இறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். மண்டியிட்டிருப்பவனின் கணுக்காலைத் தோழன் பிடித்துக்கொள்ள, அவன் மெல்ல முன்னே சாயும் பயிற்சியும் உண்டு. அது தொடையின் பின்தசையை வலுவாக்குகிறது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் இதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன. ஸ்வீடனில் வாரம் இருமுறை 15 நிமிடம் இதுபோன்ற வேறொரு பயிற்சி செய்த பெண்களிடையே, மற்றவர்களைவிட ஏ.சி.எல். சேதம் 64 சதவீதம் குறைவு என்று 2012-ல் தெரிந்தது. பயிற்சியை விடாமல் செய்தவர்களுக்கே பலன் அதிகம். விலையுயர்ந்த சப்பாத்தும் முழங்கால் உறையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பயிற்சியைக் கைவிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பவர்கள். திடலுக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். தாழ்வான படியிலிருந்து பிள்ளையை இரு காலும் சேர்த்துக் குதிக்கச் சொல்லி எதிரே நின்று கவனியுங்கள். முழங்கால்கள் மடங்கி, பாதவிரல்களுக்கு நேராக நின்றால் நல்லது. இரண்டும் உட்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினாலோ, கால் விறைப்பாக 'தொம்'மென்று விழுந்தாலோ கவனம் வேண்டும். 'சத்தம் கேட்காமல் இறங்கு' என்று சொல்லிப் பழக்குங்கள். பயிற்சி ஆசிரியரிடமும் இதைச் சொல்லி, ஆட்டத்துக்கு முன் அந்த 20 நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வேளை சத்தம் கேட்டு வீங்கிவிட்டால், பிள்ளையை அன்று மறுபடி இறங்க விடாதீர்கள். உருட் போடுகிறவரிடம் கொண்டுபோய் மூட்டை முறுக்கவும் விடாதீர்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, காலை உயர்த்திப் படுக்க வைத்து, தாமதியாமல் எலும்பு வைத்தியரிடம் காட்டுங்கள்.