உயர்ந்த கதிரையில் தனித்த மனிதர்

வியாபாரம் பெருகப் பெருக ஒருவரைச் சூழ்ந்து நிற்போர் தொகையும் பெருகுகின்றது. ஆனால் அவரிடம் உண்மை பேசுவோர் தொகையோ குறைந்துகொண்டே போகின்றது. சிப்பந்தி வேலைக்குப் பயந்து மௌனமாயிருக்கிறான். உறவினர் உதவியை எதிர்பார்த்துப் புகழ்கின்றனர். ஆலயத்திலுங்கூட, திருவிழாச் செலவை ஏற்பவருக்கு முன் ஆசனம் கிடைக்கின்றது, அறிவுரை கிடைப்பதில்லை. முதலாளியும் தமது கவலையை வெளியிட்டால் கடன் கொடுத்தவர்கள் கலங்குவார்களென அஞ்சி, எல்லாவற்றையும் உள்ளத்தில் பூட்டி வைக்கிறார்.

இத்தனிமை ஆபத்தானது. லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் வரும் செல்வந்தனை எண்ணிப் பாருங்கள். விளைச்சல் பெருகியபோது அவன் யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. தன்னோடு தானே பேசி, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டத் தீர்மானித்தான். அக்கதையில் அவனுக்கு மனைவியுமில்லை, நண்பனுமில்லை, அயலவனுமில்லை. அவனிடம் முதன்முதலாக உண்மை பேசியவர் இறைவனே. அதுவும் அவனது இறுதி இரவில்!

தாவீது அரசரின் வீழ்ச்சியும் இத்தகையதே. படை போர்க்களத்தில் நிற்க, அவர் எருசலேமில் தங்கியிருந்தார். பாவத்தை மறைக்க ஊரியாவைக் கொல்லுமாறு அவர் கட்டளையிட்டபோது, தளபதி யோவாப் மறுப்பின்றி நிறைவேற்றினான். கீழ்ப்படிவோர் அவருக்குப் பலர் இருந்தனர், தடுப்போர் ஒருவருமில்லை. பின்னர் நாத்தான் இறைவாக்கினர் வந்து, ஏழையின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோதுதான் அவர் கண்கள் திறந்தன. நாத்தானைத் துரத்தாமல் செவிமடுத்ததே தாவீதின் மீட்புக்கு வழியாயிற்று.

நமது காலத்திற்கு அண்மையிலும் ஓர் உதாரணமுண்டு. ஆர்ஜென்டீனாவின் கண்ணாடித் தொழிலகமொன்றை நடத்திய என்றிக்கே ஷோ (1921–1962) ஒன்பது பிள்ளைகளின் தந்தை. தொழில் அதிபர்கள் தனித்து நில்லாது தம் விசுவாசத்தையும் பொறுப்பையும் சேர்ந்து ஆராயவேண்டுமென விரும்பி, 1952இல் கிறிஸ்தவத் தொழிலதிபர் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரையும் அவர் தூரத்தில் வைக்கவில்லை. புற்றுநோயால் வாடியபோது, அவருக்கு இரத்தம் கொடுக்க முன்வந்த தொழிலாளர் 200 பேருக்கும் மேல்! 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அன்பார்ந்த வாசகரே, நீங்கள் பெரிய தொழிலகத்தின் அதிபராயினும், சிறு கடையின் முதலாளியாயினும், இவ்வாரம் மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள்:

1. ‘நீங்கள் செய்வது பிழை’ என்று அச்சமின்றி என்னிடம் சொல்லக்கூடியவர் யார்? அவர் கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது?

2. கடன், நட்டம், சோதனை ஆகியவற்றை என் வாழ்க்கைத் துணையிடமேனும் திறந்து பேசுகின்றேனா?

3. நான் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை காலமாயிற்று?

முதற் கேள்விக்கு ஒரு பெயரும் மனதில் எழாவிட்டால் அதுவே எச்சரிக்கை. உங்களிடம் எதையும் எதிர்பாராத நண்பர் ஒருவரை, அல்லது உங்கள் ஆன்ம குருவை, ஞாயிறு பூசை முடிந்ததும் தேடிச் செல்லுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பரிசோதிக்க வெளியாள் ஒருவரை அழைக்கிறோமே. ஆன்மாவின் கணக்குக்கு மட்டும் வேண்டாமா?