மலைக்குக் கிளம்பும் புதுப் பெண்களுக்கு

போடிக்கு வாழ வரும் பிள்ளைகளில் பலர் மஞ்சள் கயிற்றின் ஈரம் காயுமுன்னே ஜீப் ஏறிவிடுகிறார்கள். கையில் தூக்குவாளி, தலைக்கு ஒரு துண்டு, இடுப்பில் சுற்ற ஒரு படுதா. விடிவதற்குள் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரி என்று ஏதாவது ஏலத்தோட்டத்தில் இறங்கியாக வேண்டும். காய் எடுப்பதை அங்கே சொல்லித் தர ஆள் உண்டு. எடுத்த கூலியை வீட்டில் எப்படி நிறுத்துவது, உடம்பை எப்படித் தாட்டுவது என்று சொல்லத்தான் ஆளில்லை. மாமியார் சொன்னால் குத்திக்காட்டுவதாகத் தோன்றும். நான் உங்களுக்கு மாமியார் இல்லை. மலையில் காய் எடுத்து, முழங்கால் மக்கர் பண்ணியதும் கிட்டங்கியில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. வருஷத்தை ஆடியிலிருந்து எண்ணுங்கள். சுவரில் தொங்கும் காலண்டர் மாதச் சம்பளக்காரர்களுக்கு. நமக்கு ஆடி, ஆவணியில் எடுப்பு சூடுபிடிக்கும். ஒரு சுற்று முடிந்து ஒன்றரை மாதத்தில் அடுத்த சுற்று வரும். தை, மாசியோடு ஓயும். அதற்கப்புறம் சருகு எடுப்பது, களை வெட்டுவது என்று வேலை இருந்தாலும் ஆள் குறைவாகத்தான் கூப்பிடுவார்கள். தீபாவளி வருவது கையில் காசு புரளும்போது. பள்ளிக்கூடம் திறப்பது கை காய்ந்து கிடக்கும்போது. ஜவுளிக்கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும், நமக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் மறந்துபோகிறது. ஐப்பசியில் புடவை எடுக்கப் போகிற அன்றே பிள்ளையின் நோட்டு, பை, செருப்புக்கான பணத்தைத் தனியாக முடிந்து வைத்துவிட்டுப் படியிறங்குங்கள். சித்திரையில் எவ்வளவில் குடும்பம் ஓடுகிறதோ, அதுதான் உங்கள் வீட்டின் அளவு. கார்த்திகையில் வருவதை வைத்து அளவு எடுக்காதீர்கள்.

காய் விலையைப் பார்த்தும் கனவு காணாதீர்கள். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. முந்தின வருஷத்து வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் செடியைத் தின்றிருந்ததால் வந்த விலை அது. நம் கூலி அந்த உயரத்துக்கு ஏறவில்லை. மூன்று வருஷத்தில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லையை மூடினார்கள். ஏலமும் நின்றது, ஜீப்பும் நின்றது. போடிமெட்டு மலைப்பாதை அடைபட்டால் போடியில் பாதி அடுப்பு அடைபடும் என்பதை அப்போது கண்ணால் பார்த்தோம். ஒரு மாதத்து அரிசி, பருப்பு, கேஸ் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

2. கடைசி எடுப்புக் காசு புளிக்கும் மிளகாய்க்கும். இதுதான் நான் சொல்வதிலேயே பெரிய விஷயம், கவனமாகக் கேளுங்கள். புதுப் புளி மாசி, பங்குனியில் வரும். வற்றலும் அந்தச் சமயம்தான். துவரை அதற்குச் சற்று முன்னே. வருஷச் சாமான் மலிவாகக் கிடைக்கிற மாதத்தில் நம் கையில் காசு இருக்காது; காசு இருக்கிற ஐப்பசியில் கடைக்காரர் பழைய சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்பார். அதனால் தை மாதத்துக் கூலியைத் தொடாமல் வைத்திருந்து, மாசிக் கடைசியில் சாமான் வாங்குங்கள்.

புளி வாங்கும்போது கொட்டையோடு விலை மலிவு என்று ஏமாறக் கூடாது. ஓடு நீக்கிய புளியிலும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். கொட்டை எடுத்த புளி கிலோ நூறு ரூபாய் என்றால், கொட்டைப் புளியை அறுபதுக்கு மேல் கொடுத்து வாங்குவது நட்டம். கையால் ஒரு சுளையை இழுத்துப் பாருங்கள்: பிசுபிசுவென்று இழுபட வேண்டும், தண்ணீர் விட்டுப் பளபளப்பாக்கியதென்றால் விரலில் ஈரம் தெரியும். இரண்டு நாள் வெயிலில் போட்டு, கொட்டையையும் நாரையும் எடுத்து, மண்பானையில் கல்லுப்பு ஒரு அடுக்கு, புளி ஒரு அடுக்கு என்று அழுத்தி வையுங்கள். கறுத்துப்போனால் பயம் வேண்டாம், பழைய புளிக்கு அதுதான் நிறம். வற்றலைக் காம்போடு வாங்கிக் காயவைத்து, குலுக்கினால் விதை சலசலக்கும் பதத்தில் கட்டி வைக்க வேண்டும்.

3. சேமிப்பு வறட்சியைத் தாங்குவதாக இருக்க வேண்டும். மாதச் சீட்டு, வாரத் தவணைக் குழுக்கடன் எல்லாம் எடுப்பு நேரத்தில் இனிக்கும், சித்திரையில் கழுத்தைப் பிடிக்கும். தவணைக்கு வருகிறவர் தோட்டத்தில் வேலை உண்டா என்று கேட்டுவிட்டு வருவதில்லை. பத்து வயதுக்குக் கீழே பெண்பிள்ளை இருந்தால் தபால் ஆபீசில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். மற்றதை எடுப்பு மாதங்களில் முடிந்தபோது முடிந்ததைப் போடலாம். மாதாமாதம் கட்டித்தான் தீர வேண்டும் என்றால் மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்திலிருந்து கட்டுங்கள். அது வருகிற வீட்டில் மழை, வெயில் பார்க்காமல் வருகிற காசு அது ஒன்றுதான்.

4. கங்காணியிடமோ ஜீப்காரரிடமோ முன்பணம் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் நல்ல கூலி தரும் தோட்டம் அடுத்த வளைவில் இருந்தாலும் போக முடியாது. காய்ச்சலென்று ஒரு நாள் படுக்கவும் முடியாது.

5. தங்கம் வாங்கும் ஆசை இருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அதைப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பார்த்துச் சொல்லும். நாம் அதிகம் இழப்பது சேதாரத்தில்தான். ஒரு பவுன், எட்டு கிராம். பதினைந்து சதவீதச் சேதாரம் என்றால் 1.2 கிராம் வாங்கிய இடத்திலேயே போயிற்று. அடகு வைக்கும் நாளில் அந்த 1.2 கிராமை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கல் வைத்தது, பூவேலை செய்தது எல்லாம் கல்யாண வீட்டுக்கு அழகுதான். ஆபத்துக்கு உதவ வேண்டியது என்றால் மொட்டை வளையல், மொட்டை மோதிரம் போதும். பில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

6. ஏலக்காயை நம் ஊரிலேயே ஏமாந்து வாங்குகிறவர்கள் உண்டு. எட்டு மில்லிமீட்டர்க் காய் பச்சைப்பசேலென்று சீர்வரிசைத் தட்டுக்கு நன்றாக இருக்கும். டீக்கும் பாயசத்துக்கும் பொறுக்கில் கழித்த வெடிப்புக் காயும் சிறு காயும் போதும். விலை கணிசமாகக் குறையும். ஆனால் உள்ளே அரிசியைப் பாருங்கள். ஒரு காயை நகத்தால் கீறினால் அரிசி கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, விரலில் பிசுக்காகப் படிய வேண்டும். வெளுத்து உதிர்ந்தால் அது பிஞ்சு. தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் மணக்காது. பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். தோலை சீனி டப்பாவில் போட்டு வையுங்கள்.

7. உடம்பு. கூச்சப்படாமல் சொல்கிறேன். தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள் பிள்ளைகள். நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் அதனால்தான். குடியுங்கள்; ஒதுங்கும்போது இரண்டு பேராகப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதவிலக்கு நாளில் மாற்றுத் துணியும், போட்டதைச் சுற்றி வைக்க ஒரு பையும் தூக்குவாளிப் பைக்குள் இருக்கட்டும்.

காய் எல்லாம் தூரடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தால் முழங்கால் நாற்பதிலேயே தேயும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இடுப்பை நிமிர்த்துங்கள். சூப்பர்வைசர் முறைத்தால் முறைக்கட்டும்.

அட்டை கடித்தால் பிடுங்கி எறியாதீர்கள். உப்போ சுண்ணாம்போ வைத்தால் தானே விழும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும், சொறிந்தால்தான் புண்ணாகும். அட்டையைவிடக் கண்ணுக்குத் தெரியாத உண்ணி மோசம். காய்ச்சல் வந்து, இடுக்கிலோ துணி மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டு கிடக்காதீர்கள். டாக்டரிடம் போய் அந்தப் பொருக்கைக் காட்டி, மலைத்தோட்டத்தில் வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குச் சரியான மருந்து சீக்கிரம் கொடுத்தால் குணமாகிவிடும், தாமதித்தால் உயிருக்கே உலை.

மருந்தடித்த தோட்டத்தில் அன்றே இறக்கிவிடப் பார்த்தால் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள், இறங்காதீர்கள். கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது. அந்தத் துணியைப் பிள்ளை துணியோடு ஊறப்போடாதீர்கள். மருந்து கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவருகிற புத்திசாலிகளும் நம் தெருவில் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

8. ஜீப்பில் ஆள் நிரம்பினால் ஏறாதீர்கள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். பின்படியில் தொங்கிக்கொண்டு வளைவு திரும்புகிற வேலை யாருக்கும் வேண்டாம். வெறும் வயிற்றோடு ஏறினால் வாந்தி வரும், கொஞ்சம் நீராகாரமாவது குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

9. வீட்டில். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார் என்றால், வாரக்கூலி வாங்கியதும் அவர் கையில் கொஞ்சம் கொடுங்கள். எல்லாம் வீட்டுக்குத்தானே என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். பேரனுக்கு முறுக்கு வாங்கித் தர மகனிடம் கை நீட்டுவது ஒரு கிழவிக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பெரிய பிள்ளை அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்தால், 2023 ஆகஸ்டிலிருந்து காலைச் சாப்பாடு அங்கேயே கிடைக்கிறது. மூன்றரை மணிக்கு எழுந்து அதற்கும் சேர்த்து இட்லி ஊற்ற வேண்டியதில்லை.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பி, அவள் மலையில் இருந்து இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்கும். உலையை வைத்து, பருப்பை வேகப் போட்டு, வெந்நீர் காய வைக்க ஆம்பளைக்குக் கை இல்லாமல் இல்லை. தெருவில் சிரிப்பார்களே என்று நினைத்தால், சிரிக்கிறவன் உன் வீட்டுக்கு ஒரு வேளை சோறு போடுவானா என்று கேட்டுப் பார்.

10. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாமனார் மாமியாருக்கு மாத்திரை வாங்கக் காசு கரைக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே வரும். ரத்தசோகைக்கான இரும்புச் சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். டீ குடித்த கையோடு அதை விழுங்காதீர்கள், சேராது.

11. தூக்கம். மூன்றரைக்கு எழுகிறவள் பதினொன்று வரை போனில் ரீல்ஸ் பார்த்தால் உடம்பு எந்தக் கணக்கில் நிற்கும்? ஒன்பதுக்குப் படுங்கள். தலையணை நன்றாக இருக்கட்டும், அதற்கு நாம் வேறு ஊர் போக வேண்டாம். இலவம் பஞ்சு விளைகிற ஊர் இது. நெற்று வெடிக்கிற பங்குனி, சித்திரையில் பஞ்சைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் வாங்கி நீங்களே அடைத்தால் மலிவு. ஒரு சிட்டிகை பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: இலவம் மிதக்கும், பருத்திக் கழிவு கலந்திருந்தால் நனைந்து அமிழும். விதையைக் கையால் நெருடிப் பார்த்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும். தலையணையைத் துவைக்கக் கூடாது, மாதம் ஒரு தடவை வெயிலில் போட்டுத் தட்டினால் போதும்.