புரியாத படத்தைப் பார்ப்பது எப்படி?



டிராயிங் ஷீட்டில் ஒரு டைமென்ஷன் விட்டுப்போனால் நமக்கு மார்க் போச்சு. இப்படிப் பழகிய நம்மிடம் உருகி வழியும் கடிகாரப் படத்தைக் காட்டினால் "என்னப்பா இது கிறுக்குத்தனம்!" என்போம். பெரிய ஓவியர் வரைந்தது என்று தெரிந்தாலோ "ஆகா, அற்புதம்!" என்று தலையாட்டுவோம். இரண்டுமே படத்தைப் பார்க்காமல் சொல்கிற பேச்சு. ரசிக்கவும் வேண்டும், குறை சொல்லவும் தெரிய வேண்டும். அதற்காக நான்கு காலத்துப் படங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

'சர்ரியலிசம்' என்ற சொல்லை 1917-இல் உண்டாக்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர். 1924-இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெட்டன் அறிக்கை வெளியிட்ட பிறகு அது இயக்கமாயிற்று. கனவும் நனவும் கலக்கட்டும், அறிவின் காவல் இல்லாமல் மனம் ஓடட்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் கனவு போன்ற படங்கள் அதற்கு வெகு காலம் முன்பே உண்டு.

1. போஷ்

நெதர்லாந்து ஓவியர் போஷ் (மறைவு 1516) மூன்று மரப்பலகைகளில் வரைந்த 'மண்ணுலக இன்பங்களின் தோட்டம்' மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வலப்பலகை நரகம். யாழ் நரம்புகளில் ஒருவன் மாட்டிக்கிடக்கிறான். இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு கத்தி. பறவைத் தலைப் பிராணி மனிதனை விழுங்குகிறது. அப்படியானால் இது சர்ரியலிசமா? இல்லை என்பேன். போஷ் வரைந்தது பாவம், தண்டனை பற்றி அவர் காலத்துக் கிறிஸ்தவர்கள் நம்பியதை. படத்தை அதன் காலத்தில் வைத்துப் பார்ப்பதே முதல் பாடம்.

2. பிரனேசி

சிவில் நண்பர்கள் இவரைக் கவனிக்கணும். கட்டடக்கலை பயின்ற இத்தாலியர். 'கற்பனைச் சிறைகள்' என்று 1750 வாக்கில் 14 செப்புத்தகட்டுப் படங்கள் வெளியிட்டார். 1761-இல் அவற்றைத் திருத்தி, இரண்டு சேர்த்து 16 ஆக்கினார். முதல் பதிப்பில் கோடுகள் லேசானவை; இரண்டாவதில் இருட்டும் படிக்கட்டுகளும் சங்கிலிகளும் கூடிவிட்டன. பயம் ஏறியது நிஜம்தான். ஆனாலும் முதல் பதிப்பில் இருந்த காற்றோட்டம் போய்விட்டது என்பது என் குறை. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இப்படிச் சொல்ல வரும்.

3. டாலி

உருகும் கடிகாரங்கள் உள்ள 'நினைவின் நிலைபேறு' 1931-இல் வரையப்பட்டது. அளவு 24 x 33 செ.மீ.; ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது! பின்னால் தெரியும் பாறைகள் டாலியின் சொந்த ஊர்ப் பக்கமான கட்டலோனியக் கடற்கரை. பாறையும் வெளிச்சமும் அச்சு அசலாக இருப்பதால்தான் கடிகாரம் வழிவதையும் கண் நம்புகிறது. பொய்யை நம்ப வைக்க நிஜத்தைத் துல்லியமாக வரைய வேண்டியிருக்கிறது. குறை? பின்னாளில் டாலி காசுக்காக வரைகிறார் என்று பிரெட்டனே அவர் பெயரின் எழுத்துகளை மாற்றி, டாலர் ஆசைக்காரர் என்று பொருள்படக் கேலி செய்தார். ஆனால் அந்தக் கோபத்தை 1931-ஆம் ஆண்டுப் படத்தின் மேல் ஏற்றக் கூடாது. ஆள் வேறு, படம் வேறு.

4. எஷர்

சர்ரியலிஸ்ட் குழுவில் சேராதவர். 'நீர்வீழ்ச்சி' (1961) படத்தில் வாய்க்கால் நீர் வளைந்து ஓடி, சக்கரத்தின் மேல் விழுந்து, மறுபடி அதே வாய்க்காலில் ஓடுகிறது. மோட்டார் இல்லாமலே நிற்காத சக்கரம்! கீழே ஒரு பெண் சாவகாசமாகத் துணி உலர்த்துகிறாள். ஒரு மூலையை மட்டும் விட்டு மற்றதை மறைத்துப் பாருங்கள், தெரிகிற பகுதி சரியாகவே இருக்கும். கையை எடுத்தால் மொத்தம் பொய். புதிர் அவிழ்ந்ததும் வேகம் கொஞ்சம் குறைகிறது என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம்.

இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்:

அ) அர்த்தம் தேடுமுன், கண்ணுக்குத் தெரிவது என்னென்ன?
ஆ) எந்தக் காலத்தில், யாருக்காக வரைந்தது?
இ) எது நிஜம்போல் இருக்கிறது, எங்கே அது உடைகிறது?
ஈ) அதிர்ச்சி அடங்கிய பிறகு மிஞ்சுவது என்ன?

"இதெல்லாம் டிப்ளமோக்காரனுக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். நாளை நம் மேஜைக்கு வரும் வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் அழகாகவே இருக்கும். அதற்காக முழுப்படமும் சரி என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால், கட்டடமோ எந்திரமோ நம்மை மன்னிக்காது. எஷரின் தண்ணீர் தாளில் மட்டும்தான் மேலே ஏறும்!